கால் சுற்று

இந்த மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. மோட்டாரைத் திருப்பி வைக்கும்போது அந்தப் பக்கம் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உருண்டுவிடும். அடியில் அட்டை மடித்து வைக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைக்கிறேன். ஊரில் இருக்கும் மோட்டாரையெல்லாம் சரிபார்க்கிறவள் வீட்டில் மேசை ஆடுகிறது. டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அப்படித்தான் செய்வேன்.

உட்காருங்கள். சொல்கிறேன். ஸ்டீயரிங் கம்பெனியிலிருந்து வேறு யாராவது வந்திருந்தால் பாதியிலேயே கத்த ஆரம்பித்திருப்பார்கள். நீங்கள் கையில் அழுக்குப் பட்ட எஞ்சினியர். உங்களிடம் சொன்னால் புரியும்.

ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு அதன் தலையிலிருந்து மோட்டார் உடம்புக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவது நம் தொழிலில் வழக்கம். ஸ்க்ரூ தானாகத் தளர்ந்தால் கோடு இரண்டாக உடைந்து விலகி நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இங்கே ஸ்க்ரூ கால் சுற்றுத் தளர்ந்திருக்கிறது, கோடு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. அப்படியென்றால் யாரோ தளர்த்திவிட்டு, பழைய கோட்டைத் துடைத்து, அதன் பிறகு புதிதாகப் போட்டிருக்கிறார்கள். நான்தான். போடாமல் மூடியிருந்தால் 'அதிர்வில் தளர்ந்தது' என்று எழுதிக்கொண்டு நீங்கள் போயிருப்பீர்கள். பதினெட்டு வருடமாக லிஃப்ட் மோட்டார் பட்டறையில் பழகின கை. கோடு போடாமல் ஒரு மூடியை மூட அதற்குத் தெரியவில்லை.

என் தம்பி என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். சுருட்டை முடி, அதனால் தெருவில் எல்லாருக்கும் அவன் சுருட்டை. அம்மா தவறிப்போனபோது அவனுக்கு ஆறு வயது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு சித்தி இருக்கிறாள், அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். மற்றபடி தலை வாரிவிட்டது, ஷூ கயிறு கட்டிவிட்டது, காய்ச்சலுக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் நான்தான். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் இவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். தியாகம் என்று சித்தி சொல்லிக்கொண்டு திரிவாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நாம் இல்லாவிட்டால் ஒருத்தனுக்கு ஆகாது என்பது மனதுக்கு எவ்வளவு இதமான விஷயம் தெரியுமா. எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இருபத்தைந்து வயதில் இந்த ஸ்டீயரிங்கை வாங்கி மாடி அறையில் பொருத்தினான். பகலெல்லாம் டெலிவரி வேன் ஓட்டிவிட்டு, வந்ததும் இதில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையில் ரேஸ் ஓட்டுவான். இது எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்கு விளக்கியது நான்தான். நடுவில் பெல்ட் கிடையாது, பல்சக்கரம் கிடையாது, மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்; மோட்டார் தரும் பலம் அப்படியே கைக்கு வரும். தண்டு இந்த நொடி எந்த இடத்தில் நிற்கிறது என்று பின்னால் ஒரு சென்சார் தகடு சொல்லிக்கொண்டே இருக்கும். அது ஒரு மயிரிழை நழுவினாலும் மோட்டார் தப்பான இடத்தில் தள்ளிவிடும், ஸ்டீயரிங் கையில் வெடுக்கென்று வெட்டி இழுக்கும். அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது இந்தக் குட்டி ஸ்க்ரூ ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவன் தரையில் சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அந்த மாலை மறக்கவே இல்லை.

அவன் நன்றாக ஓட்டினான். எனக்கு ரேஸ் தெரியாது, ஆனால் கை தெரியும். சின்னதாய், அளவாய், வீண் அசைவே இல்லாத கை. ஆன்லைனில் இரண்டு போட்டி ஜெயித்தான். தூரத்து நகரத்தில் ஒரு ரேஸ் குழு இவனைக் கவனித்துக் கடிதம் போட்டது. வீட்டிலிருந்தே தேர்வுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், தேறினால் அங்கேயே தங்கி வேலை, முதலில் இரண்டு வருடம், பிறகு நிரந்தரம். சாப்பிடும்போது சொன்னான். நான் சந்தோஷம் என்றேன். அவன் என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இனிமே நீயும் உன் வாழ்க்கையைப் பாரேன் அக்கா. எத்தனை நாளைக்கு எனக்கே ஆக்கிப் போட்டுட்டிருப்ப?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நான் சிரித்துவிட்டுத் தட்டுக் கழுவப் போனேன். என் வாழ்க்கை வேறெங்கோ பத்திரமாக இருப்பது போலவும், நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்பது போலவும் பேசினான். கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் பழுது நான் செய்ததல்ல. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இடது பக்க வளைவுகளில் வெட்டுகிறது என்று வந்து நின்றான். வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் இதே மேசையில் உட்கார்ந்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, அப்புறம் அடுத்தது. எங்கள் பட்டறை முறை அது. நோட்டில் அவன்தான் எழுதினான். மின்சாரப் பெட்டியை மாற்றினோம், வயரை மாற்றினோம், கம்ப்யூட்டரைக்கூடச் சிநேகிதன் வீட்டிலிருந்து தூக்கி வந்தான். எட்டு நாள் டார்ச் பிடித்துக்கொண்டு என் தோளோடு தோள் ஒட்டி நின்றான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அப்போதுதான். ஒன்பதாம் நாள் அவன் டீ போடப் போயிருந்தான். நான் பின்மூடியைத் திறந்தேன். சிவப்புக் கோடு உடைந்திருந்தது. ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. இரண்டு கோப்பையோடு அவன் வாசலில் வந்து நின்றான்.

"கெடைச்சுதா அக்கா?"

"இன்னும் இல்ல."

நான் சொன்ன முதல் பொய் அது. யோசித்துப் பார்த்தால் அதற்குப் பிறகு நான் அவனிடம் பெரிதாகப் பொய் எதுவும் சொல்லவில்லை. தேவைப்படவே இல்லை.

குழுவினர் நல்லவர்கள், பழுது என்றதும் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். உங்கள் கம்பெனியும் மறுபேச்சு இல்லாமல் வேறு மோட்டார் அனுப்பியது. அவன் வேனோடு வெளியே போயிருந்தபோது நான் அதைப் பிரித்தேன். கோட்டைத் துடைத்தேன், கால் சுற்றுத் தளர்த்தினேன், கோடு போட்டேன், மூடினேன். அரைச் சுற்று என்றால் எப்போதும் வெட்டும், யாருக்கும் தெரிந்துவிடும். கால் சுற்று என்றால் வேகமாக, பாரம் ஏற்றித் திருப்பும்போது மட்டும், அதுவும் சில நேரம் மட்டும் வெட்டும். எப்போதாவது வரும் பழுதுதான் ஆளை விடாது, அது உங்களுக்கும் தெரியும். அவனுக்கு அடி படக் கூடாது என்று மோட்டாரின் பலத்தையும் பாதியாகக் குறைத்து வைத்தேன். கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே விடாதே என்று தினமும் சொல்வேன். அந்த விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்ததே இல்லை.

புது மோட்டாரும் வெட்டியது. அவன் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தான். எல்லாம் மாற்றியாயிற்று, எல்லாவற்றுக்கும் எதிரே அவனே போட்ட டிக்.

"இன்னும் என்னதான்கா மாத்தலை?"

இருக்கையில் உட்கார்ந்து நானே பத்துச் சுற்று ஓட்டிக் காட்டினேன். நான் ஓட்டியது நத்தை வேகம், பாரம் ஏறாது, தகடு நழுவாது. ஒரு முறைகூட வெட்டவில்லை. அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தான். எழுந்து திரும்பியபோது, அவன் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறைப்படி போனான், மாற்றாமல் மிச்சமிருந்த தன் கையில் போய் நின்றான்.

அதன் பிறகு நடந்ததில் என் பங்கு குறைவு. பயம் வந்த கை நடுங்கத்தானே செய்யும். முதலில் டீக் கோப்பை, பிறகு சாவி, பிறகு சட்டைப் பொத்தான். முதல் டாக்டர் ஒன்றுமில்லை, ஓய்வெடு என்றார். இவனுக்கு மனம் ஆறவில்லை. இரண்டாவது டாக்டர் மாத்திரை கொடுத்தார், அதைப் போட்டால் மத்தியானம் வரை தூங்கினான். தேர்வு நாள் வந்து போனது. வேனையும் ஒருநாள் அவனே திருப்பிக் கொடுத்துவிட்டான். யார் மேலேயாவது ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டான். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை முகம் மழித்துவிட்டேன். மோவாயைத் தூக்கிக் காட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். சின்ன வயதில் முகம் கழுவிவிடும்போது காட்டுவானே, அதே மாதிரி.

திங்கட்கிழமைகளில் மட்டும் மாடிக்குப் போய் ஸ்டீயரிங் பிடித்துப் பார்ப்பான். நடுக்கம் குறைந்திருக்கிறதா என்று அவனுக்கு அது ஒரு பரீட்சை. முந்தின நாள் நான் ஸ்க்ரூவைப் பார்த்து வைப்பேன். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை முழுக்க முடுக்கி விடுவேன். அன்று வெட்டாது. இறங்கி வரும்போது முகமெல்லாம் பல்லாக இருப்பான், சீட்டியடிப்பான், வெளியே போகலாமா என்று கேட்பான். ஆளுக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும் சார், இல்லாவிட்டால் ஒடிந்து போவான். அதையும் நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு அவனுக்குப் பழக்கம். நல்ல பெண், கெட்டிக்காரி. ஒருநாள் அவள் இவனிடம் ஒரு கண்ணாடிக் காம்பைக் கொடுத்துக் கடுகு போன்ற ஸ்க்ரூவைப் பொருத்தச் சொல்லியிருக்கிறாள். பேச்சுவாக்கில், நடுக்கமே இல்லாமல் பொருத்திவிட்டானாம். சமையலறைக்கு வந்து என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவர் கையில ஒண்ணும் இல்லக்கா. அந்த வீல் முன்னாடி உட்காந்தாதான் இப்படி ஆகுது."

சரியாகச் சொன்னாள். இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்கும் என்றும் கேட்டாள், பாவம், அக்கறையில் கேட்டதுதான். அந்தக் கேள்வியை மட்டும் தம்பியிடம் சொன்னேன். அவள் கேட்டது அப்படியே, ஒரு சொல் கூட்டவில்லை. இனி வர வேண்டாம் என்று அந்த வாரமே அவன் அவளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

நிறுத்தலாம் என்று நான் நினைக்கவில்லை என்று எண்ணாதீர்கள். மூன்று முறை ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டுச் சொல்லிவிடுவது என்று படியிறங்கி வந்தேன். ஒரு முறை அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு முறை சித்தி வந்திருந்தாள். மூன்றாம் முறை அவன் நிமிர்ந்து, நீ இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அக்கா என்றான். அதற்கு மேல் எங்கே சொல்வது. சொன்னால் போய்விடுவான், போவதோடு என் முகத்தில் விழிக்கவும் மாட்டான். சொல்லாவிட்டால் நாளுக்கு நாள் மெலிவான். இரண்டு பக்கமும் சுவர். இந்த இரண்டு வருடமும் மாடிக்கும் கீழுக்கும் இடையிலான பதினான்கு படிகளில்தான் நான் இருந்தேன். பட்டறைக்குப் போனாலும் அங்கேதான் இருந்தேன். அடைபட்டது அவன் மட்டுமில்லை, அதையும் நீங்கள் எழுத வேண்டும்.

மூன்றாவது டாக்டரை அவனாகவே தேடிப் பிடித்தான். பெரிய ஆஸ்பத்திரி, மூளை வைத்தியர். மூளைக்குள் கடுகளவு இடத்தைச் சுட்டுவிட்டால் கை நடுக்கம் நின்றுவிடுமாம். சுட்டது சுட்டதுதான், திரும்ப வராது. சிலருக்கு அந்தக் கை வலுவிழந்து போகும், சிலருக்குப் பேச்சுக் குழறும். நடுக்கத்துக்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று அவர் கேட்க, மோட்டாருக்குள் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று இவனுக்கு நினைவு வந்தது. அதைத்தான் உங்களுக்கு அனுப்பி வரைபடம் கேட்டான். உங்கள் ஆபீசிலிருந்து யாரோ மறுநாளே போட்டு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கை நடுக்கம்தான் என்று தலையை ஆட்டினார். அதற்குள் அவர் முன்னால் இவன் கையும் நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கான சம்மதத் தாள்கள் அத்தனையையும் இவன் இரண்டு முறை படித்தான்.

"பண்ணிடலாம் அக்கா. இப்படியே உன் கழுத்துல தொங்கிட்டிருக்க முடியாது. சரியாச்சுன்னா அந்த டீமுக்குத் திரும்ப எழுதிப் பாக்குறேன்."

உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட்டேன். கை நடுங்கவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் நீங்கள் கூப்பிட்டபோது அவன் போன் என்னிடம் இருந்தது. வரைபடத்தை நீங்கள் மறுபடி எடுத்துப் பார்த்ததாகவும், வெட்டு ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில், இடப் பக்கம் பதினேழு டிகிரியில் வருவதாகவும் சொன்னீர்கள். கைக்குக் கோணம் தெரியாது, மோட்டாருக்குத்தான் தெரியும் என்றீர்கள். நான் அதை எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேறொருவர் வாயால் கேட்டபோது ஒரு நிமிடம் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாளே வருகிறேன் என்றீர்கள். அவன் ஊரில் இல்லை, வியாழக்கிழமை ஒன்பது மணி தோதாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். சொன்ன நேரத்துக்கு வந்தீர்கள்.

உள்ளே வந்ததும் தம்பி எங்கே என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். எட்டு மணிக்கு அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே சித்தி உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அவன் தலையை மொட்டையடித்தார்கள். முடியை நான் ஒரு காகிதக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டேன், இன்னும் சுருள் சுருளாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்துல இருப்பல்ல அக்கா என்றான். வெளியே வரும்போது இருப்பேன் என்றேன்.

எழுந்திருக்காதீர்கள். போனையும் வைத்துவிடுங்கள். உங்களுக்கு இரண்டாவது டீ ஊற்றும்போதே சித்தியிடமிருந்து செய்தி வந்துவிட்டது. முடிந்துவிட்டதாம், நல்லபடியாக இருக்கிறானாம், என்னைத்தான் கேட்கிறானாம். இனி யாரும் எங்கேயும் ஓட வேண்டியதில்லை.

அந்த ஆலன் கீயை இப்படிக் கொடுங்கள். பாருங்கள், முடுக்கிவிட்டேன். பழைய கோட்டைத் துடைத்தாயிற்று, புதிதும் போட்டாயிற்று. பதினைந்து நாள் கழித்து அவன் மெல்லப் படியேறி வந்து இதைப் பிடிப்பான். வெட்டாது. இடது வளைவு, வலது வளைவு, எதிலும் வெட்டாது. குணமாகிவிட்டது என்று அழுவான். அந்த நேரத்தில் நீங்கள் வந்து, தம்பி, சுட்டது ஒரு கோளாறும் இல்லாத நல்ல இடத்தைத்தான், உன் கையில் என்றைக்குமே ஒன்றும் இருந்ததில்லை என்று சொல்லலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். போலீசுக்குச் சொல்வதானாலும் சரி, இதே வரிசையில் அவர்களிடமும் சொல்கிறேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா என்று போகிற வழியில் யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு வருடமாக முடியவில்லை.

நான் கிளம்ப வேண்டும். வலது கைக்குக் கொஞ்ச நாள் வலு இருக்காது, ஒருவேளை வராமலேயேகூடப் போகலாம், கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டறைக்கும் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அம்மா இல்லாத பிள்ளை சார். நான் ஒருத்தி மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.